மேல் ஈற்றில் கருநீலமாக ஒரு வீக்கம், பயப்பட வேண்டியதா?

கவின் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு 11 மாதம். கீழே இரண்டு பல் வந்து நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருக்கிறான். மூன்று நாள் முன்பு இட்லி ஊட்டும்போது ஆவென்று வாயைத் திறந்தான், மேல் ஈற்றில், நடுவிலிருந்து கொஞ்சம் இடதுபக்கமாக ஒரு வீக்கம் தெரிந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு இருக்கும். நிறம்தான் பயமாக இருக்கிறது, நாவல்பழம் தின்றால் நாக்கில் ஏறுமே அந்தக் கருநீலம். தொட்டால் மெத்தென்று இருக்கிறது, அவன் அழவில்லை. காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறான், எச்சில் மட்டும் சட்டை நனைய ஒழுகுகிறது.

மாமியார் கெட்ட ரத்தம் கட்டியிருக்கிறது, ஊசியைத் தீயில் காட்டிக் குத்தினால் வடிந்துவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தேன் தடவச் சொல்கிறார். வீட்டுக்காரர் ராத்திரி இரண்டு மணி வரை போனில் தேடித் தேடிக் கடைசியில் புற்றுநோயில் போய் நின்றார், இப்போது இரண்டு பேருக்குமே தூக்கம் இல்லை. வழக்கமாகக் காட்டும் கிளினிக்கில் டார்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் சிரப்பும் தடவ ஒரு ஜெல்லும் எழுதிவிட்டார்கள். என்னவென்று கேட்டால் "கட்டிதாம்மா". இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. யார் வீட்டிலாவது இப்படி வந்திருக்கிறதா?

ரெட்டைவால் அம்மா:

என் பெரியவளுக்கு அப்படியே இதே இடத்தில், இதே நிறத்தில் வந்தது. நாங்களும் அலறிக்கொண்டு ஓடினோம். பல் டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார், "உள்ளே பல் கதவைத் தட்டுதும்மா, திறக்கிற வரைக்கும் சும்மா இருங்க" என்றார். பத்துப் பன்னிரண்டு நாளில் தானாக உடைந்து போனது. சின்னவளுக்கு வந்தபோது நான் கண்டுகொள்ளவே இல்லை, அதுதான் இரண்டாவது பிள்ளையின் தலையெழுத்து. ஊசி பக்கம் மட்டும் போகாதீர்கள் தங்கச்சி.

பால்பல் டாக்டர்:

குழந்தைகளுக்கான பல் மருத்துவம் பார்ப்பவன் நான். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வயது, இடம், நிறம் மூன்றும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. மேல் முன்பற்கள் பெரும்பாலும் 8 முதல் 12 மாதத்துக்குள் வரும். பல் எலும்பைத் தாண்டி மேலே வந்து, ஈறு மட்டும் மூடியிருக்கும் கட்டத்தில், பல்லின் தலைக்கும் அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய பைக்கும் நடுவில் சில பிள்ளைகளுக்கு நீர் கோத்துக்கொள்ளும். எரப்ஷன் சிஸ்ட் என்போம். உங்கள் பையனுக்குக் கீழ்ப்பல் வந்துவிட்டதால் வாயை மூடும்போதெல்லாம் அங்கேதான் இடிக்கும், கொஞ்சம் ரத்தம் கசிந்து அந்த நீரில் கலந்தால் வெளியே நீலமாகத் தெரியும். கெட்ட ரத்தமும் இல்லை, சீழும் இல்லை. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே கிடையாது.

பல் வெளியே வரும்போது அது தானாக உடைந்துவிடும், அநேகமாகச் சில வாரங்களில். பல் வராமல் இழுத்தாலோ, வலித்தாலோ, சீழ் பிடித்தாலோ மட்டும் மேல் தோலைச் சின்னதாகக் கீறி வழி விடுவோம், அதுவும் மரத்துப்போக மருந்து போட்டு, சுத்தமான கருவியால். அடுப்பில் காட்டிய தையல் ஊசிக்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

ஜெல்லைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். அட்டையில் லிக்னோகைன், பென்சோகைன் என்று மரத்துப்போக வைக்கும் மருந்துகளின் பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு முதல் மருந்தைத் தரக்கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-லும், இரண்டு வயதுக்குக் கீழ் இரண்டாவதை வாயில் தடவவே கூடாது என்று 2018-லும் எச்சரித்தது. எச்சிலோடு உள்ளே போனால் முதலாவது வலிப்பு வரை கொண்டுபோகும், இரண்டாவது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். தேனும் ஒரு வயது ஆகாமல் நாக்கில்கூட வைக்கக் கூடாது, போட்டுலிசம் என்ற நஞ்சு நோய்க்கு வழி. குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள், போதும்.

சித்தி ஃப்ரம் தேனி:

நடுவில் புகுந்து ஒரு விஷயம். என் அக்கா பேத்திக்குப் பிறந்த மூன்றாம் நாள் ஈற்று மேட்டில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளை வெள்ளையாக நாலைந்து இருந்தது. வீட்டில் பாதிப்பேர் பிறக்கும்போதே பல் என்றார்கள், குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினார். மீதிப்பேர் அக்கரம் என்று துணியைச் சுற்றித் தேய்த்தே குழந்தை வாயைப் புண்ணாக்கிவிட்டார்கள். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் போயிருக்குமாம். டாக்டர் தம்பி, அது என்னது?

பால்பல் டாக்டர்:

பல் உருவாகும்போது மிச்சமாகும் திசுத் துணுக்குகள் சின்னச் சின்னப் பையாகி உள்ளே கெரட்டின் என்ற புரதம் நிரம்பி நிற்பதுதான் அது. பச்சைக் குழந்தைகளில் ரொம்ப சகஜம். மேலண்ணத்தின் நடுக்கோட்டில் வந்தால் எப்ஸ்டைன் முத்து என்பார்கள், பெயர் அழகாக இருக்கிறது இல்லையா. சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் உதிர்ந்து காணாமல் போகும். அக்கரம் என்றால் தயிர்த்திட்டு மாதிரி பரவலாக இருக்கும், நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வரும். அதற்குப் பூஞ்சை மருந்து உண்டு. இரண்டுக்கும் தேய்ப்பது வைத்தியம் இல்லை அக்கா.

பிறக்கும்போதே ஈற்றிலிருந்து காம்பு வைத்துத் தொங்கும் உருண்டைச் சதை என்றால் அது வேறு. கஞ்ஜெனிட்டல் எப்யூலிஸ், நியூமன் என்பவர் 1871-ல் எழுதி வைத்தது, பெண் குழந்தைகளிடம்தான் மிக அதிகம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் புற்று இல்லை. பால் குடிக்கவோ மூச்சுக்கோ தடையானால் வெட்டி எடுப்பார்கள், எடுத்தால் திரும்பி முளைக்காது.

கோபி_76:

எல்லோரும் சும்மா இரு, சும்மா இரு என்கிறீர்களே, நான் அப்படி இருந்துதான் மாட்டினேன். என் மகனுக்கு ஐந்து வயது, கீழ்க் கடைவாய்ப் பால்பல்லுக்குப் பக்கத்தில் ஈற்றில் பரு மாதிரி ஒன்று. உடையும், மஞ்சளாக வரும், அமுங்கும், பத்து நாளில் மறுபடி அதே இடம். வலிக்கவில்லை என்பதால் நான்கு மாதம் விட்டுவிட்டேன். எக்ஸ்ரேயில் பார்த்தால் சொத்தை வேர் வரை இறங்கியிருந்தது, பல்லைப் பிடுங்கி, இடம் மூடாமல் இருக்கக் கம்பி வளையம் போட்டார்கள். விழப்போகிற பல்தானே என்ற அலட்சியம்.

பால்பல் டாக்டர்:

கோபி சொல்வது ரொம்ப சரி. அது வளர்ச்சியே இல்லை, சீழ் வெளியேறும் வாய். சொத்தைப் பல்லுக்கு அருகில் வந்து வந்து போகும் கொப்புளம் என்றால் காத்திருக்க வேண்டாம். அதேபோல ஒரு இடத்தில் என்றில்லாமல் ஈறு முழுக்க வீங்கி, லேசாகத் தொட்டாலே ரத்தம் வந்து, பிள்ளை வெளுத்துப்போய், விட்டு விட்டுக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. கவின் அம்மா, உங்கள் பையனிடம் இதில் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருமுறை நேரில் யாரிடமாவது காட்டிவிடுங்கள், உங்கள் வீட்டுக்காரர் தூங்கவாவது செய்வார்.

கவின் அம்மா (பதினாறு நாள் கழித்து):

காட்டினோம், டாக்டர் சொன்ன அதேதான். இன்று காலை ரஸ்க்கைக் கடித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று வாயை ஒரு மாதிரி கோணினான், பார்த்தால் ரஸ்க் நுனியில் ஒரு பொட்டு ரத்தம், வீக்கம் தட்டையாகிவிட்டது, அந்த ஓட்டைக்குள் வெள்ளையாகப் பல் நுனி. அழவே இல்லை, ரஸ்க்கைத் திரும்பக் கேட்டான். மாமியார் "நான் சொன்ன மாதிரி வடிஞ்சிருச்சு பார்" என்கிறார். சரி என்று விட்டுவிட்டேன்.

ரெட்டைவால் அம்மா:

அந்த ஊசியை மட்டும் எடுத்து ஒளித்து வையுங்கள், பக்கத்துப் பல் இன்னும் வரவில்லை.