பதில்: அறுந்த நரம்பு வளர உதவும் குழாய்க்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அறுந்த நரம்பின் இரு முனைகளுக்கும் இடையில் வைக்கும் குழாய்க்குத் தமிழ்ப் பெயராகக் கோவை ஐயா சொன்ன ‘நரம்புச் சாரம்’, மட்டக்களப்பு ரீச்சர் சொன்ன ‘நரம்புக் கடத்தி’ இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. ஐயா கட்டடச் சாரத்தை நினைத்திருக்கிறார். கொழும்பில் சாரம் என்றால் இடுப்பில் கட்டுவது. புறக்கோட்டையில் கடை கடையாய்த் தொங்குகிறது. ‘உங்கள் நரம்புக்குச் சாரம் கட்டப் போகிறோம்’ என்று வாட்டில் சொன்னால் நோயாளி வலியை மறந்து சிரிப்பார்.

‘கடத்தி’யில் சிக்கல் வேறு. நரம்பு கணத்தாக்கத்தை, அதாவது மின்சைகையை, கடத்துகிறது என்று படித்த உயர்தர மாணவர், அந்த வேலையை இந்தக் குழாய் செய்வதாக எண்ணிவிடுவார். அது எதையும் கடத்துவதில்லை. ‘நரம்புக் குழாய்’ என்று சுருக்கவும் வழியில்லை. கருவில் மூளையும் முண்ணாணும் (முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம்) உருவாகும் அமைப்புக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

சரி, அது என்னதான் செய்கிறது? கண்ணாடி கிழித்துக் கையில் ஒரு நரம்பு அறுந்தால், வெட்டுக்கு அப்பால் உள்ள இழைகள் அழிந்துபோகும். தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டி ஆங்கில உடலியலாளர் வோலர் இதை 1850இல் காட்டினார். ஆனால் அங்கே இழைகளைச் சுற்றியிருந்த துணைக்கலங்களான சுவான் கலங்கள் மிஞ்சி வரிசையாக நிற்கும். மேல் முனையிலிருந்து புறப்படும் புதிய இழைகள் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். முழங்கையில் அறுந்தது விரல்நுனிக்கு வந்துசேர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். இடைவெளி சிறிதென்றால் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். பெரிதென்றால் காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து வைப்பார்கள். அதனால் பாதத்தின் வெளியோரம் மரத்துப்போகும்.

அந்த இரண்டாவது காயத்தைத் தவிர்க்கத்தான் குழாய். அறுந்த முனைகளை அதன் இரு வாய்களிலும் செருகித் தைத்துவிட்டால், முதலில் உள்ளே நீர் சேரும். அதில் ஃபைபிரின் என்ற, இரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒரு கயிறாகத் திரளும். அதைப் பற்றிச் சுவான் கலங்கள் நகரும், அப்புறம் இழைகள் வரும். 1980களில் சிலிக்கோன் குழாயில் இதைச் செய்து பார்த்தார்கள். அது கரையாது, நாளடைவில் நரம்பை நெரித்தால் மறுபடி சத்திரசிகிச்சை செய்து எடுக்கவேண்டும். இப்போது கொலாஜன், பொலிகிளைக்கோலிக் அமிலம், இறால் நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைற்றோசன் என்று உடலுக்குள்ளேயே கரைந்துபோகிறவை வந்துவிட்டன.

ஆகவே என் பரிந்துரை ‘நரம்பு இணைகுழல்’. இரண்டு முனைகளைச் சேர்ப்பதும் உள்ளே வெறுமையாய் இருப்பதும் பெயரிலேயே வந்துவிடுகின்றன. குழல் என்றால் புல்லாங்குழல் அல்லவா என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள், துப்பாக்கிக்கும் குழல்தான்.

வெறுங்குழல் சுமார் 3 சென்ரிமீற்றர் இடைவெளியைத் தாண்டினால் நம்பத்தக்கதாக வேலை செய்வதில்லை. அதனால் உள்ளே ஜெல்லையோ மெல்லிய நார்களையோ வைத்து, இழைகள் பற்றிக்கொள்ள லாமினின் போன்ற புரதத்தைப் பூசி ஆராய்கிறார்கள். இந்த உள்ளீட்டுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘கொழுகொம்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா? தொட்டுப் பற்றிப் படர்வது என்ற பொருள் அப்படியே பொருந்துகிறது. பாரியின் தேரை மட்டும் தயவுசெய்து இழுத்துவர வேண்டாம்.

குழலுக்கும் உள்ளீட்டுக்கும் பயன்படும் இந்தப் பொருட்களுக்குப் பொதுப்பெயராக ‘உயிர்ப்பொருள்’ கூடாது. சிலிக்கோனுக்கு ஏது உயிர்? ‘உடலிணக்கப் பொருள்’ போதும். ‘மீளுருவாக்கம்’ என்பதையும் விட்டுவிடுவோம். நரம்புக்கலம் புதிதாக உருவாவதில்லை, அதன் இழைதான் நீள்கிறது. ‘மீள்வளர்ச்சி’ சரியாக இருக்கும்.

முண்ணாண் காயத்துக்கும் ‘இணைகுழல்’ என்ற சொல்லை நீட்டுவதை மட்டும் நான் எதிர்க்கிறேன். அங்கே தழும்பும், இழைகளைச் சுற்றியுள்ள உறையான மயலினில் உள்ள தடைப் புரதங்களும் இழைகளை மறிக்கின்றன. புற நரம்புத் துண்டை வைத்தால் அந்த இழைகளும் வளரும் என்று 1981இல் மொன்றியலில் எலிகளில் காட்டினார்கள். ஆனால் துண்டின் மறுமுனையைத் தாண்டி மறுபடி முண்ணாணுக்குள் அவை சொற்ப தூரமே போயின. நடக்காத இணைப்பை நோயாளியிடம் பெயரிலேயே வாக்களிப்பது நியாயமில்லை. அதற்கு வேறு சொல் தேடுவோம்.

மருத்துவபீடத்தில் படிப்பிக்கிறவர்கள் ‘இணைகுழல்’ என்பதை வகுப்பில் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மறுப்பதாயிருந்தால் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து,
உங்கள் குழும உறுப்பினன்