கடைக்குள்ள பியர் குடிக்கிற ஆக்கள்: லைசென்ஸ் விசயத்தில உதவி வேணும்

அண்ணாமார், அக்காமார், லண்டனில சின்னக் கடை வைச்சிருக்கிறன். மது விக்கிற லைசென்ஸ் பற்றின 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி என்ர லைசென்ஸ் ஓஃப் சேல் மட்டும். வெளியில கொண்டுபோய்க் குடிக்கத்தான் விக்கலாம். ஆனா வேலை முடிஞ்சு வாற ரெண்டு மூண்டு பேர் கவுண்டரடியிலேயே பியர் கானை உடைச்சுக் குடிக்கினம். நல்ல மனுசர், ஊர்க்கதை கதைக்கிறவை, முகத்துக்கு நேர சொல்லக் கஷ்டமாக் கிடக்கு. வழக்கெண்டு வந்தால் ஆறு மாதச் சிறை, வரம்பில்லாத அபராதம் வரைக்கும் போகலாம். நித்திரையே வருகுதில்லை.

ரெண்டு மேசை போட்டு, ஒன் சேலும், அதாவது கடைக்குள்ளேயே குடிக்க விக்கிறதும், சேர்த்து லைசென்சை மாத்த யோசிக்கிறன். அதுக்கு, மாத்தக் கேட்டிருக்கிறன் எண்டு அறிவிக்கிற நீல நோட்டீசைக் கடையில 28 நாள் ஒட்டவேணும், பேப்பரிலயும் விளம்பரம் போடவேணும். இப்பிடி மாத்தின ஆரும் இருக்கிறியளோ? பொலிஸ், அயலவை எதிர்த்தவையோ? கமரா, டொய்லெட் எண்டு என்ன நிபந்தனை போட்டவை?