மூசா தீவின் இரவுப் பறவைகள்

கடற்பறவை பார்த்த அனுபவங்களைப் பகிரும் இந்தப் பேச்சில் எல்லாரும் பஃபின் (வண்ண அலகுள்ள கடற்பறவை) பார்த்த கதையைச் சொல்லிவிட்டீர்கள். நான் பார்த்ததைவிட அதிகமாகக் காதால் கேட்ட ஒரு பறவையைச் சொல்கிறேன்: ஸ்டார்ம் பெட்ரல் என்ற குட்டிக் கடற்பறவை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்ற தீவுக்கூட்டம். அதன் பெரிய தீவின் கிழக்குக் கரையை ஒட்டி மூசா என்றொரு தீவு இருக்கிறது. இப்போது அங்கே மனிதர் யாரும் குடியில்லை. சுமார் 2,000 வருடம் பழைய கல்கோபுரம் ஒன்று, 13 மீட்டர் உயரம், சாந்து இல்லாமல் அடுக்கியது, இன்னும் நிற்கிறது. அதன் கல்லிடுக்குகளிலும் பெட்ரல்கள் முட்டையிடுகின்றன. தீவு முழுக்கச் சுமார் 11,000 ஜோடி என்கிறார்கள். பெரும்பாலானவை கரையோரக் கற்குவியல்களிலும் பழைய கல்வேலிகளிலும் இருக்கின்றன.

சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். கறுப்பு உடம்பு, வால் தொடங்கும் இடத்தில் மட்டும் வெள்ளை. நடக்கவே சரியாக வராது. பகலில் கரைக்கு வந்தால் கடற்காகமும், ஸ்கூவா என்ற வேட்டைக் கடற்பறவையும் விடாது என்பதால் இருட்டிய பிறகுதான் வரும். ஆனால் ஜூன் கடைசியில் அங்கே எங்கே முழுசாக இருட்டுகிறது? நள்ளிரவிலும் வடக்கே வானம் வெளுத்தே இருந்தது.

கோபுரத்துக்குப் பக்கத்தில் போனதும் முதலில் வாடைதான் வந்தது, பழைய எண்ணெய் வாடை. அப்புறம் சுவருக்குள்ளிருந்து சத்தம். தையல் மிஷின் ஓடுவது போல் கரகரவென்று நீண்டு, நடுவில் ஒரு விக்கல், மறுபடி கரகர. உள்ளே ஒன்று அடைகாக்க, அதன் ஜோடி சில நாள் கடலில் இரை தேடிவிட்டு வந்து முறை மாற்றிக்கொள்ளுமாம். பன்னிரண்டு மணி வாக்கில் அந்த ஜோடிகள் வரத் தொடங்கின. முகத்துக்கு நேரே வந்து கடைசி நொடியில் விலகிச் சுவரில் ஒட்டி, இடுக்குக்குள் மறைந்துவிடும். என் காதோரம் ஒன்று உரசாத குறை. இதே பறவைகள்தான் குளிர்காலத்தில் தென்னாப்பிரிக்கக் கடல் வரை போகின்றன என்றால் நம்பவே முடியவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர் போன் ஃபிளாஷ் அடித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சரியான வசவு. போட்டோ ஆசையை விட்டுவிட்டுப் போங்கள்.

போகிறவர்களுக்கு: ஷெட்லாந்தின் சாண்ட்விக் என்ற ஊரிலிருந்து படகு. இரவுப் பயணம் கோடையில் சில வாரங்கள்தான், முன்பதிவு அவசியம். காற்று பலமானால் ரத்து செய்துவிடுவார்கள், அதனால் ஷெட்லாந்தில் கூடுதலாக ஓரிரு இரவு வைத்துக்கொள்ளுங்கள். பகல் படகும் உண்டு. அதில் சீல் (கடல்நாய்), ஆலா எல்லாம் பார்க்கலாம், பெட்ரல் மட்டும் கண்ணில் படாது.