மகளின் தலையில் வட்ட வட்டமாக முடி உதிர்கிறது: காத்திருக்கலாமா, மாத்திரை தொடங்கலாமா?

கேள்வி:

வணக்கம். பத்து வயதாகும் என் மகளுக்குத் தலை வாரிவிடும்போது, காதுக்குப் பின்னால் நாணய அளவில் ஓர் இடம் முடியே இல்லாமல் வழுவழுவென்று இருப்பதைக் கண்டேன். சிவப்போ செதிலோ அரிப்போ இல்லை. சில வாரங்களில் உச்சிக்கு அருகில் இன்னொரு வட்டம் தோன்றிவிட்டது. இது புழுவெட்டு என்றும், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே முடியின் வேரைத் தாக்குவதால் வருவது என்றும் சொன்ன தோல் மருத்துவர், ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அதற்குள் தலை முழுவதும் பரவிவிடுமோ என்ற அச்சத்தில் எனக்கு உறக்கமே வருவதில்லை. இதற்குப் புதிய மாத்திரைகள் வந்திருப்பதாகப் படித்தேன், கேட்டு வாங்கலாமா? நான் சரியாகப் பராமரிக்காததால்தான் இப்படி ஆயிற்றா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (தோல் மருத்துவர்):

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் பராமரிப்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எண்ணெயோ ஷாம்புவோ பூச்சிக்கடியோ இதற்குக் காரணமல்ல. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதும் இல்லை. வாழ்நாளில் ஏறத்தாழ 100 பேரில் 2 பேருக்கு வரக்கூடிய நோய் இது. மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு.

வளரும் பருவத்தில் உள்ள மயிர்க்கால், இயல்பாக, நோய் எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாதபடி காக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காப்பு குலையும்போது டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் மயிர்க்காலின் அடிக்குமிழைச் சூழ்ந்து தாக்க, முடி வலுவிழந்து ஒடிகிறது அல்லது உதிர்கிறது. ஆனால் மயிர்க்காலை மீண்டும் உருவாக்கும் குருத்தணுக்கள் அழிவதில்லை, தழும்பும் உண்டாவதில்லை. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் முடி முளைக்க வழி இருப்பது இதனால்தான்.

வட்டத்தின் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் மெலிந்தும் நுனியில் தடித்தும், ஆச்சரியக்குறியைப் போன்ற குட்டை முடிகள் நின்றால், நோய் அங்கே இன்னும் அடங்கவில்லை என்று பொருள். மாறாக, வெண்மையான பூனைமுடி தலைகாட்டினால் அது மீட்சியின் அடையாளம். நிறம் பின்னர் வந்து சேரும். நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் இருந்தாலோ, பிடரியையும் காதோரத்தையும் சுற்றிப் பட்டையாக முடி உதிர்ந்தாலோ, மூன்று மாதம் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். செதில் தென்பட்டாலும் அப்படியே. பூஞ்சைத் தொற்றாக இருந்தால் சிகிச்சையே வேறு.

ஒன்றிரண்டு வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முடி வளர்ந்துவிடுகிறது. களிம்பும் ஊசியும் முடி வளர உதவுமே தவிர, நோயின் நீண்டகாலப் போக்கை மாற்றுவதாக நிறுவப்படவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்ன காத்திருப்பு அலட்சியம் அல்ல. பெரியவர்களுக்கு வட்டத்திலேயே ஸ்டீராய்டு ஊசியை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போடுவது வழக்கம். வலிக்கும் என்பதால் குழந்தைகளுக்குக் களிம்பிலிருந்து தொடங்குகிறோம்.

நீங்கள் படித்தவை ஜேக் (JAK) தடுப்பு மாத்திரைகளாக, அதாவது மயிர்க்காலைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செயலைத் தணிக்கும் மருந்துகளாக, இருக்கும். பாரிசிடினிப் 2022இல் பெரியவர்களுக்கும், ரிட்லெசிடினிப் 2023இல் 12 வயது நிரம்பியவர்களுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இரண்டும் கடுமையான முடியிழப்புக்கு உரியவை. தலைமுடியில் பாதிக்கு மேல் இழந்தவர்களிடமே முக்கிய ஆய்வுகள் நடந்தன. தொற்று, இரத்தக்கட்டு போன்ற ஆபத்துகள் இருப்பதால் காசநோய்ப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனைகளும் செய்தே தொடங்குவார்கள். நிறுத்தினால் முடி மீண்டும் உதிர்வதும் உண்டு. இரண்டு வட்டங்களுக்காக ஒரு சிறுமிக்கு இவற்றைத் தருவதை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 2 (சிறுவயது முதல் இந்நோயுடன் வாழ்பவர்):

மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தினமும் வட்டத்தை அளந்து பார்க்காதீர்கள், அம்மா. பிள்ளை உங்கள் முகத்தைத்தான் கவனிப்பாள். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வைத்தால் போதும். மருத்துவருக்கும் அது பயன்படும். வகுப்பாசிரியரிடம் பேசுவதற்கு முன் அவளைக் கேளுங்கள். யாரிடம், எந்தச் சொற்களில் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். தொப்பியோ துணியோ கட்டுவதும், ஒன்றும் கட்டாமல் செல்வதும் அவள் விருப்பம்தான். எனக்கு உதிர்ந்து, வளர்ந்து, மறுபடியும் உதிர்ந்திருக்கிறது. முடி வளரும் காலத்தில், இனி நோய் வராது என்று எனக்கு யாரும் உறுதியளிக்காமல் இருந்தது நல்லதாயிற்று. அவளிடமும் பொய்யான உறுதி தராதீர்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் தாயாருக்குத் தைராய்டு கோளாறு உண்டு. மகளுக்கும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில் 1 (தோல் மருத்துவர்):

குடும்பத்தில் இருப்பதால், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டு நோயும் வெண்புள்ளியும் இந்நோயுடன் சேர்ந்து வரக்கூடும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையிலேயே தைராய்டின் நிலை தெரிந்துவிடும். அதுவரை களிம்பை, எழுதிக் கொடுத்த அளவுக்கு மிகாமல், வட்டத்தின் மீது மட்டும் தடவி வாருங்கள். அளவு மீறினால் தோல் மெலிந்துவிடும்.