சாட்ஸ்வொர்த்தில் சுகர்ஸ்: கவுன்சிலரிடம் என்ன கேட்பது?

கேள்வி:
அடுத்த வாரம் வார்டு கூட்டத்தில் பேசப்போகிறேன். சுகர்ஸ், அதாவது மலிவான ஹெராயின் கலவை, இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில், இருபது வருஷமாகப் பிள்ளைகளைத் தின்கிறது, என் அக்கா மகனும் அதில்தான் மாட்டியிருக்கிறான். எல்லோரும் போலீஸ் நடவடிக்கைதான் வேண்டும் என்று கேட்கிறார்கள். வேறு என்ன கேட்கலாம்?

பதில் 1:
மெதடோன் கேளுங்கள் அண்ணா, ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கிற மருந்து அது. 2020 ஊரடங்கில் டர்பன் தெருவில் இருந்தவர்களை முகாம்களில் தங்கவைத்தபோது மெதடோன் கொடுத்தார்கள், அந்த அனுபவத்திலிருந்துதான் டர்பனில் போதைக்கு அடிமையானவர்களுக்கு உதவுகிற பெல்ஹேவன் மையமே வந்தது. ஆனால் சாட்ஸ்வொர்த்திலிருந்து அங்கே தினமும் டாக்ஸிக்குக் காசு கொடுத்துப் போகச் சொன்னால் எவன் போவான்? பக்கத்து கிளினிக்கிலேயே வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பதில் 2:
நான் மொரீஷியஸ். 2005இல் இங்கே புதிதாக எச்.ஐ.வி. வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஊசியில் போதை ஏற்றியவர்கள். 2006இல் அரசே மெதடோன் கொடுக்க ஆரம்பித்தது, சுத்தமான ஊசியும் கொடுக்கத் தொடங்கினார்கள், அப்புறம் அந்தப் பங்கு நன்றாகக் குறைந்தது. இதைச் சொல்லுங்கள், கேட்பார்கள்.

பதில் 3:
சரி, மருந்து வேண்டும்தான். ஆனால் விற்கிற வீடு எது என்று தெருவுக்கே தெரியும், அதையும் விடாதீர்கள் தம்பி. என் மகன் மூன்று தடவை சிகிச்சை முடித்துத் திரும்பினான், மூன்று தடவையும் அந்த வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தான்.