கைப்பூவாளியில் உள்ள குமிழுக்கு ஒரு பெயர்: கேம்பர் குளியலறைக் கலைச்சொற்கள்

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

கேம்பர் வண்டிகளின் குழாய்களையும் ஷவர் எனப்படும் குளியல் பூவாளிகளையும் மாற்றிப் பொருத்தும் முறை குறித்துத் தமிழில் கையேடு எழுதிவரும் நண்பர் சென்ற வாரம் ஒரு சொல் கேட்டிருந்தார். கையில் பிடித்துக் குளிக்கும் பூவாளியின் கழுத்தில் ஒரு சிறு குமிழ் இருக்கும். சோப்புப் போடும்போது அதை அழுத்தினால் நீர்வரத்து மிகவும் குறைந்துவிடும். மீண்டும் அழுத்தினால் முன்பிருந்த சூட்டிலேயே நீர் வரும். அந்தக் குமிழுக்கு இதுவரை நிறுத்தி, இடைநிறுத்தி, அடைப்பி என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் சொல்வதற்கு எளியவை. ஆயினும் மூன்றையும் நாம் ஏற்கக் கூடாது என்று கருதுகிறேன். அக்கருவி நீரை நிறுத்துவதில்லை. நிறுத்தாமல் இருக்கும்படியே அது செய்யப்பட்டிருக்கிறது.

கேம்பர் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன். கேரவன் என்று எழுதலாமே என ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டு வாசகருக்கு அச்சொல் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகரின் வண்டியையே முதலில் நினைவூட்டும். நாம் பேசுவதோ இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் பெருமளவில் செய்யப்பட்டு, அமெரிக்கக் குடும்பங்கள் காருக்கோ டிரக்குக்கோ பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு.

அந்தச் சிறு வீட்டில் நீருக்கு இரண்டு எல்லைகள் உள்ளன. ஒன்று, நல்ல தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு. மற்றொன்று, குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் போய்ச் சேரும் தொட்டியின் கொள்ளளவு. அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் குளியல் பூவாளி ஒன்று நிமிடத்துக்கு 2.5 கேலனுக்கு மேல் நீர் விடலாகாது. இது ஏறத்தாழ 9.5 லிட்டர். கலிபோர்னியாவில் 2018 ஜூலை முதல் இந்த வரம்பு 1.8 கேலன். வீட்டில் இது சிக்கனம்தான். ஆனால் 2.5 கேலன் வீதம் ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால் 20 கேலன் போய்விடும். 30 கேலன் தொட்டி உள்ள கேம்பரில் அது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவேதான் இவ்வண்டிகளில் பலர் கடற்படைக் கப்பல்களின் முறையைப் பின்பற்றுகிறார்கள்: உடலை நனைத்து, நீரைக் குறைத்து, சோப்புத் தேய்த்து, மறுபடியும் நீரைத் திறந்து அலசிக்கொள்கிறார்கள். நம் குமிழ் இந்த முறைக்காகவே உள்ளது.

இனி அக்குமிழ் ஏன் முழுவதும் மூடுவதில்லை என்பதைப் பார்ப்போம். சுவரில் உள்ள குழாயில் வெந்நீருக்கு ஒரு கைப்பிடியும் தண்ணீருக்கு ஒரு கைப்பிடியும் இருக்கின்றன. இரண்டும் திறந்திருக்கையில் நீர் வெளியேறும் ஒரே வழியைப் பூவாளியில் முற்றாக அடைத்துவிட்டால், குழாயின் உடலுக்குள் வெந்நீர்ப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் ஒன்றோடொன்று இணைந்தபடியே நிற்கும். இரு பக்கத்து அழுத்தமும் சற்று வேறுபட்டால் போதும். ஒரு பக்கத்து நீர் மற்றப் பக்கத்துக்குள் ஏறிவிடும். அடுத்து குமிழைத் திறக்கும்போது முதலில் வருவது கொதிநீரா குளிர்நீரா என்று சொல்ல முடியாது. சிறிதளவு நீர் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். குழாய் இன்னும் திறந்தே இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

அந்தச் சிறிதளவு நீரைப் பற்றிப் பயனர் அறியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. நிறுத்தி என்று கையேட்டில் எழுதினால், குளித்து முடித்தவர் அதை அழுத்திவிட்டுச் சுவரில் உள்ள கைப்பிடிகளை மூடாமல் உறங்கச் செல்வார். நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஒழுகுவதாக வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்தில் 120 லிட்டர் போய்விடும். 30 கேலன் என்பதே சுமார் 113 லிட்டர்தான். இரவெல்லாம் 12 வோல்ட் பம்பு விட்டுவிட்டு ஓடும். விடியும்போது நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாகிப் பம்பு வறண்டு ஓடிக்கொண்டிருக்கும். முகாமிடத்தின் குழாயோடு வண்டியை இணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே வரத்துக்கு முடிவே இல்லை என்பதால், குளித்த நீர்த் தொட்டி நிரம்பியபின் மிகுதி நீர் வண்டியிலேயே தாழ்வான வாய் எதுவோ அதன் வழியாக, அதாவது நாம் நின்று குளிக்கும் தட்டின் வழியாகவே, மேலேறி வரும். ஒரு தவறான பெயர் இவ்வளவுக்கும் இடங்கொடுக்கும். அடைப்பி என்ற சொல்லிலும் இதே குறை உள்ளது. இடைநிறுத்தி சற்று மேலானது என்றாலும், இடையில் நிறுத்துகிறது என்பதற்குள்ளும் நிறுத்துகிறது என்ற பொருள் இருக்கத்தான் செய்கிறது.

நீர் மெலிந்து வருவதை நம் மக்கள் எப்படிச் சொல்கிறார்கள்? தெருக்குழாயில் வரத்துக் குறைந்தால் "தண்ணி நூலாட்டம் ஒழுகுது" என்பார்கள். இக்குமிழை அழுத்தியபின் நாம் காண்பதும் அதையேதான். எனவே நூலொழுக்கி என்ற சொல்லை முன்வைக்கிறேன். உருகு என்பதற்கு உருக்கு, அடங்கு என்பதற்கு அடக்கு என்பதுபோல, ஒழுகு என்ற தன்வினைக்கு ஒழுக்கு என்பது பிறவினை; ஒழுகச் செய்தல் என்ற பொருளில் அகராதிகளிலும் அது உண்டு. நூல்போல் ஒழுகச் செய்வது நூலொழுக்கி. கலைச்சொல் ஒன்றைச் சோதிக்க நான் கைக்கொள்ளும் வழி, அதைக் கட்டளை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதுதான்: "சோப்புப் போடும்போது நூலொழுக்கியை அழுத்துங்கள், குளித்து முடித்ததும் சுவரில் உள்ள இரண்டு கைப்பிடிகளையும் மூடுங்கள்." இரண்டாவது கட்டளை ஏன் வேண்டும் என்பதை முதல் கட்டளையில் உள்ள பெயரே சொல்லிவிடுகிறது.

பூவாளி என்ற சொல்லை இம்மடலில் துணிந்து கையாண்டிருக்கிறேன். தோட்டத்துப் பூவாளியின் துளைமுகமும் குளியலறைத் துளைமுகமும் வேலையால் ஒன்றே என்பதால், நிலையாகப் பொருத்தியதைப் பூவாளித் தலை என்றும் கையில் பிடிப்பதைக் கைப்பூவாளி என்றும் சொல்லலாம். ஆக்சிஜெனிக்ஸ் போன்ற நிறுவனங்களின், காற்றை உள்ளிழுத்து நீரோடு கலந்து பொழியும் வகையைக் காற்றுக்கலப்புப் பூவாளி எனலாம். பழைய கைப்பூவாளியை மாற்றுவோர் முதலில் வாங்குவது பெரும்பாலும் இந்த வகைதான். கேம்பர் பம்பின் குறைந்த அழுத்தத்திலும் நீர் வேகமாகப் படுவதாக உணரலாம் என்பதே அதற்குக் காரணம். தூவல் என்ற சொல்லைச் சிலர் எழுதுகோலுக்கு வழங்குவதால் அதை விட்டுவிட்டேன்.

குழாய் என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். நம் சொற்பட்டியல்கள் பலவும் குழாயைச் சுவருக்குள் ஓடும் உருளைக்குக் கொடுத்துவிட்டு, திறந்து மூடுகிற பொருளுக்குப் புதுச்சொல் தேடுகின்றன. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் எண்ணம். குழாயடி, குழாயைத் திற, குழாய் சொட்டுகிறது என்று மக்கள் சொல்லும் இடங்களில் எல்லாம் அவர்கள் கைவைத்துத் திருகும் பொருளே குறிக்கப்படுகிறது. அச்சொல் அதற்கே இருக்கட்டும். சுவருக்குள் ஓடுவதைக் குழல் என்றும், வளைந்து கொடுப்பதை நெகிழ்குழல் என்றும் சொல்வோம். முன்பு 1990களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் பயன்பட்ட சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் குழலையும், இன்று பொருத்தப்படும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழலையும் கையேடு வேறுபடுத்திக் காட்ட வேண்டியிருப்பதால் இந்தப் பிரிவு மிகவும் தேவை. திறப்பு அல்லது திறப்பி என்று குழாய்க்குப் பெயரிடலாம் என்ற பரிந்துரையும் வந்தது. இலங்கைத் தமிழில் திறப்பு என்றால் சாவி. யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ சென்று கேம்பர் வாங்கிய ஒருவருக்கு "திறப்பை மாற்றுங்கள்" என்று எழுதினால் அவர் கதவுப் பக்கம் போவார்.

குழாயை மாற்றும்போது வரும் அளவுச் சொல் ஒன்றும் உண்டு. இரண்டு கைப்பிடிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மையத்தொலைவு எனலாம். கேம்பரின் குளியல் குழாய்களில் இது பெரும்பாலும் 4 அங்குலம். சிலவற்றில் மூன்றும் எட்டில் மூன்று பங்கும் (3⅜) அங்குலம் இருக்கும். வீட்டுக் குளியல் குழாய்களில் 8 அங்குலம் வழக்கம் என்பதால், கடையில் அழகாகத் தோன்றும் வீட்டுக் குழாயைக் கேம்பரின் குளியல் சுவரில் அப்படியே பொருத்த முடியாது. முகம் கழுவும் தொட்டியில் வீட்டிலும் கேம்பரிலும் 4 அங்குலமே வழங்குவதால் அங்கே தடையில்லை. மரை, வாஷர், நட்டு ஆகிய பட்டறைச் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றுக்கு மாற்றுத் தேட வேண்டாம். ரப்பர் வாஷர் உட்காரும் மரையில் டெஃப்லான் டேப் சுற்றத் தேவையில்லை, அங்கே கசிவைத் தடுப்பது வாஷர்தான் என்பதை மட்டும் கையேட்டில் தெளிவாக எழுதுங்கள்.

கடைசியாக, நெகிழ்குழல் சுவரோடு சேரும் இடத்தில் உள்ள சிறு உறுப்பை வெற்றிட முறிப்பான் என்று எழுதியிருப்பதைக் கண்டேன். இது வேக்கூம் பிரேக்கர் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது. அதைப் படிப்பவருக்கு உறுப்பின் வேலை விளங்காது. கைப்பூவாளி அழுக்கு நீருள்ள தட்டில் கிடக்கும்போது குழலில் அழுத்தம் திடீரென விழுந்தால், அழுக்கு நீர் நல்ல தண்ணீருக்குள் உறிஞ்சப்படும். இவ்வுறுப்பு அப்போது காற்றை உள்ளே விட்டு அதைத் தடுக்கிறது. மீளுறிஞ்சல் தடுப்பி என்பது பொருந்தும். குழாயை மூடியபின் இதிலிருந்து சிறிது நீர் சொட்டினால் அது பழுதன்று. நெகிழ்குழலில் தங்கிய நீர் வடிவதே.

கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்.

* * *

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். குழாய், குழல் பிரிவு எனக்குப் பெரிதும் உதவும். நூலொழுக்கி பற்றி மட்டும் ஓர் ஐயம். கூரை ஒழுகுகிறது, பானை ஒழுகுகிறது என்று பழுதான பொருளுக்கே நாம் அச்சொல்லை வழங்குகிறோம். புதிதாக வாங்கிய பூவாளியில் ஒழுக்கி என்று ஒரு பகுதி இருந்தால் வாங்கியவர் அதைக் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்ப மாட்டாரா? நூல்நீர்க் குமிழ் என்றால் அந்தத் தயக்கம் இராது. மேலும், குளித்த நீர்த் தொட்டிக்குக் கழுவுநீர்த் தொட்டி என்று எழுதியிருக்கிறேன். அது சரிதானா என்றும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்.

* * *

அன்புள்ள தம்பி,

தங்கள் ஐயம் நியாயமானது. எனினும் எல்லாப் பூவாளிகளிலும் அது குமிழாக இருப்பதில்லை. சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளும் நெம்பியாகவும், சிலவற்றில் திருகும் வளையமாகவும் உள்ளது. குமிழ் என்பதைப் பெயரிலேயே சேர்த்துவிட்டால் அடுத்த வகையைப் பொருத்துபவர் இல்லாத குமிழைத் தேடுவார். ஒழுகுதலில் உள்ள பழுதுப் பொருளைப் பொறுத்தவரை, அது நமக்கு உதவவே செய்யும் என்று கருதுகிறேன். ஒழுகுகிற ஒன்றைத் தமிழர் யாரும் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போக மாட்டார்கள். எழுந்து சென்று குழாயை மூடுவார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் தீர, சொல் முதலில் வரும் இடத்தில் "நூலொழுக்கி: பூவாளியின் நீரை நூலளவுக்குக் குறைக்கும் பகுதி, முழுவதும் நிறுத்தாதபடியே இது செய்யப்பட்டுள்ளது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கழுவுநீர்த் தொட்டி பொருளளவில் சரி. ஆனால் கழிவுநீர் என்பதற்கும் அதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. கேம்பரில் கழிப்பறைக்குத் தனித் தொட்டி இருக்கிறது. அச்சுப்பிழை ஒன்று நேர்ந்தால் படிப்பவர் தவறான வால்வை இழுத்துவிடுவார். அலம்புநீர்த் தொட்டி, மலநீர்த் தொட்டி என்று பிரித்தால் எழுத்தாலும் ஒலியாலும் மயக்கம் வராது. கைகால் அலம்புவது, பாத்திரம் அலம்புவது இரண்டும் அந்தத் தொட்டிக்கே போகின்றன.

இவ்விரண்டு சொற்களோடும் இரண்டாம் இயலைத் திருத்தி அனுப்புங்கள். உறைபனியால் குழல்கள் வெடிக்காதிருக்கக் குளிர்காலத்துக்கு முன் அவற்றில் ஊற்றும் இளஞ்சிவப்பு நிறப் புரோப்பிலீன் கிளைக்கால் கரைசலுக்கும், எஞ்சினில் ஊற்றும் நச்சுத்தன்மையுள்ள எத்திலீன் கிளைக்காலுக்கும் பெயர்கள் ஒன்றாகிவிடக் கூடாது என்பதால், அவற்றைப் பற்றித் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்.