எட்டரைக்குப் பிழிந்த சந்தகை, ஒன்பதரைக்கு எழுந்த விருந்தாளி

உறையூர்க்காரன்:
போன சனி, ஞாயிறு பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் தங்கினோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், மாமியார். திருச்சியிலிருந்து திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகக் காரில் போனோம். ஓர் இரவுக்கு இரண்டு அறையும் சேர்த்து 4,200 ரூபாய், காலைச் சாப்பாடு உட்பட. வீட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மோசமான மனிதர்கள் இல்லை அவர்கள்.

இடம் அழகு. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, விடியும் முன்பே மயில் கத்துகிறது. பையன் தண்ணீரை விட்டு ஏறவே இல்லை. ஆனால் காலைச் சாப்பாடு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும்தானாம். நாங்கள் ஒன்பதரைக்கு வந்தபோது ஆறிப்போன சந்தகைதான், அதாவது அரிசிச் சேவைதான், இருந்தது. ஒரு ஆம்லெட் கேட்டேன், அடுப்பு அணைத்தாச்சு என்றார்கள். சனி இரவு ஒன்பதரைக்குப் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள். எங்கள் அறைக்குப் போக அவர்கள் சீரியல் பார்க்கும் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஞாயிறு காலை பார்த்தால் கார் முழுக்கப் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது, அதன் மேல் கறுப்பாகத் தூசு.

கடைசியாக ஒன்று. வீட்டுக்காரரின் அம்மா என் மாமியாரிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். மாமியார் "திருச்சிங்க" என்று நழுவினார். பாட்டி விடவில்லை. "ஊரு சரிங்கம்மா, என்ன ஆளுங்கன்னு கேட்டேன்."

காசு கொடுத்துத் தங்குகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு? ஓட்டலுக்கே போயிருக்கலாமா?

வாய்க்கால்மேட்டார்:
தம்பி, நானும் அதே பக்கம்தான். நீங்கள் தங்கியது என் வீடு இல்லை. ஆனால் எனக்கும் தோப்புக்குள் மூன்று அறை இருக்கிறது, நாலு வருடமாக ஆட்கள் வந்து தங்குகிறார்கள்.

முதலில் கார். அது தென்னையில் இருக்கும் வெள்ளை ஈயின் வேலை. 2016 வாக்கில் எங்கள் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இன்னும் போன பாடில்லை. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், தேன் மாதிரி ஒரு கழிவைக் கீழே விடும். அதன் மேல் கரும்பூசணம் பிடித்து ஓலையே கறுத்துவிடும். மரத்தடியில் வண்டி நின்றால் வண்டிக்கும் அதே கதி. வேறு மரத்தடியில் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர் தப்பு.

அந்த ஈக்கும் நீங்கள் தங்கிய அறைக்கும் உறவு உண்டு. ஈ ஒரு பக்கம், கேரள வாடல் நோய் இன்னொரு பக்கம். காய் சிறுத்தது, நோய் பிடித்த மரங்களை வெட்டினோம். தேங்காய் நன்றாக விழுந்த காலத்தில் எங்களில் ஒருவன்கூட வெளியாளுக்கு வாடகைக்குக் கட்டில் போட்டதில்லை.

சந்தகை விஷயம் கேளுங்கள். புழுங்கலரிசியை ஊற வைத்து அரைத்து, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடாக இருக்கும்போதே அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும், கையால் அழுத்த முடியாது. ஒருவர் இட்லி எடுத்துப் போட, ஒருவர் பிழிய என்று இரண்டு ஆள் வேலை. எட்டரைக்குப் பிழிந்ததை ஒன்பதரைக்குத் தின்றால் அப்படித்தான் இருக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டீர்களா?

உறையூர்க்காரன்:
ஊற்றிக்கொண்டோம். மாமியார் நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அது வேறு கதை. நான் கேட்பது நேரத்தைப் பற்றி. விடுமுறைக்கு வந்தவன் எட்டு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்றால் அது என்ன விடுமுறை?

கணக்குப்பிள்ளை:
உறையூர்க்காரர் பக்கம் நான். 4,200 ரூபாய்க்குப் பொள்ளாச்சி டவுனிலேயே ஏசி அறை கிடைக்கும், பத்தரை வரை டிபன் ஓடும், கேட்டால் ஆம்லெட் வரும், உங்கள் சாதியை ஒருவரும் கேட்க மாட்டார்கள். "வீடு மாதிரி" என்று விளம்பரம் செய்வது, குறை சொன்னால் "இது எங்கள் வீடு" என்பது. இரண்டு பக்கமும் வசதி. தீயணைப்புக் கருவி இருந்ததா? வாங்கிய பணத்துக்கு ரசீது உண்டா? ஓட்டல்காரன் வரி கட்டிவிட்டுப் போட்டி போடுகிறான், இவர்களுக்கு அதுவும் இல்லை.

வாய்க்கால்மேட்டார்:
கணக்கு என்று பேர் வைத்துக்கொண்டு அரைக் கணக்குப் போடுகிறீர்கள் ஐயா. வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு இருந்தால் எனக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. ஆனால் ஆப் வழியாக அறை எடுத்தால், எனக்குப் பதிலாக அந்த ஆப்காரனே வரியை வசூலித்துக் கட்டியாக வேண்டும். அதுபோக அவனுக்குக் கமிஷன் தனி.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அறை ஆறு வரை, படுக்கை பன்னிரண்டு வரைதான். கூடத்தில் அவர்கள் சீரியல் பார்த்தார்கள் என்று தம்பி குறைப்படுகிறார். பார்க்காமல் வேறு எங்கோ இருந்தால்தான் அது விதிமீறல்.

கணக்குப்பிள்ளை:
திட்டத்தில் சேருவது விருப்பம்தானே? சேராமலே நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அதையும் சொல்லுங்கள். தீயணைப்புக் கருவிக்கும் இன்னும் பதில் வரவில்லை.

சேத்துமடை வாசி:
நான் அறையும் விடுவதில்லை, அறை எடுத்துத் தங்குவதும் இல்லை. பக்கத்துத் தோப்புக்காரன். பாட்டுச் சத்தம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

எங்களுக்கு அடுத்தது காடு. யானை தோப்புக்குள் இறங்கும் ராத்திரிகளில் ஓலை முறியும் சத்தத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஸ்பீக்கர் அலறினால் எங்களுக்கு ஒன்றும் கேட்காது. சனிக்கிழமை வந்தால் நாலு தோப்பில் நாலு பாட்டு. போதாததற்கு கேம்ப் ஃபயர் என்று காய்ந்த மட்டையை அடுக்கிக் கொளுத்துகிறார்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமா? பொறி பறந்தால் யார் பொறுப்பு?

உறையூர்க்காரன்:
அண்ணா, யானை விஷயம் எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் சட்டப்படி ஒலிபெருக்கிக்குத் தடை இரவு பத்து முதல் காலை ஆறு வரை. எங்களிடம் ஒன்பதரைக்கே சொன்னார்கள். அதுவும் கைக்கு அடக்கமான சின்ன ஸ்பீக்கர்.

சேத்துமடை வாசி:
யானைக்குச் சட்டப் புத்தகத்தை வாசித்துக் காட்டுங்கள் தம்பி.

தனிவழிப் பயணி:
யானையும் ஸ்பீக்கரும் இருக்கட்டும். ஆளாளுக்கு அந்தக் கடைசி விஷயத்தைத் தாண்டித் தாண்டிப் போகிறீர்கள்.

நான் தனியாக ஊர் சுற்றுகிற பெண். லாட்ஜைவிட இப்படிப்பட்ட வீடுகளில்தான் நிம்மதியாகத் தூங்குவேன். கூடத்தில் ஒரு பாட்டி சீரியல் பார்ப்பது எனக்கு உள்தாழ்ப்பாளைவிடத் தைரியம். ஆனால் அதே பாட்டிதான் "கல்யாணம் ஆச்சா கண்ணு, ஏன் ஆகல, அப்பா என்ன பண்றாரு" என்று ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி "நீங்க என்ன ஆளுங்க" என்பதில் வந்து நிற்பார். ஒருமுறை உண்மையைச் சொன்னேன். சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை, பேச்சு மட்டும் நின்றுபோனது. மறுநாள் காலை மேசையில் தட்டு மூடி வைத்திருந்தது, ஒருவரும் வந்து பரிமாறவில்லை. இதை எந்த விதியில் எழுதிப் புகார் கொடுப்பது?

கல்யாணமாகாத இருவர் அறை எடுத்துத் தங்குவதில் சட்டப்படி குற்றம் இல்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கோயம்புத்தூரில் பூட்டி சீல் வைத்த ஒரு தங்குமிடத்தின் வழக்கு அது. தீர்ப்பு வரவேற்பு மேசை வரை வரும், கூடம் வரை வராது.

வாய்க்கால்மேட்டார்:
அம்மிணி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் வேண்டுமென்றேதான் அதைத் தொடாமல் போனேன்.

என் வீட்டிலும் அம்மா இருக்கிறார், 78 வயது. முதல் வருடம் அவரும் கேட்டார். வந்தவர் கோவையில் ஒரு கல்லூரி ஆசிரியர். பதில் சொல்லவில்லை, சிரித்தார். மறுநாள் கிளம்பிவிட்டார், இரண்டாம் நாள் பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன், "இனி ஊரைக் கேளு, உடம்பைக் கேளு, மழையைக் கேளு. அதைக் கேட்காதே." ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அப்புறம் பேசினார். இப்போது கேட்பதில்லை. மனசுக்குள் கேட்டுக்கொள்கிறாரா என்றால், ஆமாம், கேட்டுக்கொள்கிறார்.

தீயணைப்புக் கருவி ஒன்று இருக்கிறது ஐயா. தேதி முடிந்திருந்தது, நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
அதற்குத்தான் ஓட்டல் என்கிறேன். அங்கே ஆதாரைக் கேட்பார்கள், ஆளை விடுவார்கள்.

தனிவழிப் பயணி:
ஓட்டலில் கேட்காததால் அது இல்லை என்று அர்த்தமா சார்? எனக்கு ஓட்டலும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். சந்தகை வேண்டும். பேராசையா இது?

உறையூர்க்காரன்:
எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்.

சந்தகைக்கு நான் தாமதமாகப் போனது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரக் காரணத்தை முந்தின நாள் இரவே சொல்லியிருந்தால் பையனே எங்களை எழுப்பியிருப்பான், அச்சில் பிழிவதைப் பார்க்க. கூடத்தைப் பற்றிய புகாரையும் வாபஸ் வாங்குகிறேன். ஸ்பீக்கரில் பாதி வாபஸ். கார் கழுவ 600 ரூபாய் ஆனது, அதில் வாபஸ் கிடையாது.

நேற்று ராத்திரி வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். சாப்பாட்டைப் பற்றி நல்லதாக இரண்டு வரி. அப்புறம் பாட்டி கேட்டதை அப்படியே எழுதி, "என் மாமியார் திரும்பி வரும் வழியில் பழனி தாண்டும் வரை பேசவில்லை" என்றும் எழுதினேன். நீல டிக் உடனே வந்துவிட்டது. இப்போது மறுநாள் மாலை ஐந்து மணி. இன்னும் பதில் இல்லை.

வாய்க்கால்மேட்டார்:
பொறுங்கள் தம்பி. அவர் இப்போது அம்மாவிடம் பேச வேண்டியிருக்கும்.